வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி: தொடுகோட்டை எந்த வழியில் வரைவது?

“சார், எத்தனை தடவை போட்டாலும் 7.2 தான் வருது. 7.4 வரவே மாட்டேங்குது.”

நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு நின்றவள் பத்தாம் வகுப்பு மாணவி. கணக்கு அந்த வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 6 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரைய வேண்டும். மையத்திலிருந்து 8 செ.மீ. தொலைவில் ஒரு புள்ளியைக் குறித்து, அங்கிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடுகள் வரைந்து நீளத்தை அளக்க வேண்டும். பிதாகரஸ் தேற்றப்படி 64-இல் 9 போனால் 55. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 7.4.

அவள் எழுதியிருந்த வரைமுறையில் ஒரு வரிகூடத் தப்பில்லை. உதவிப்படம் இருந்தது, மையக்குத்துக்கோடு சரியாக நடுவில் விழுந்திருந்தது. ஆனால் இரண்டாவது வட்டம் மையத்தின் மேலும் வெளிப்புள்ளியின் மேலும் போக வேண்டியது. இரண்டுக்கும் 2 மி.மீ. உள்ளேயே நின்றுவிட்டது. காம்பஸை வாங்கிப் பார்த்தேன். திருகு தளர்ந்திருந்தது. 4 செ.மீ. விரித்து வைத்தால் சுழற்றுவதற்குள் 3.8-க்குச் சுருங்குகிறது. திருகை இறுக்கிக் கொடுத்ததும் 7.4 வந்துவிட்டது.

அவள் போகவில்லை. “இதே கோட்டை வேற எப்படியும் வரைய முடியாதா சார்?” என்று கேட்டாள்.

முடியும். எனக்குத் தெரிந்தே ஆறேழு வழி இருக்கிறது. எது நல்லது என்று கேட்டால், தேர்வுத்தாளில் பாடநூல் முறை, அதில் இரண்டு பேச்சு இல்லை. எட்டு மதிப்பெண் கேள்வியில் திருத்துபவர் எதிர்பார்க்கிற வரிசை அதுதான். ஆனால் தேர்வுத்தாளுக்கு வெளியே, எந்த வழி எப்போது பலன் தரும் என்பது கையில் என்ன இருக்கிறது, கடைசியில் என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. கோடு மட்டும் வேண்டுமா, அது வட்டத்தைத் தொடும் புள்ளியும் வேண்டுமா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைத்துக்கொள்கிறேன். மையம் ம. வெளியே உள்ள புள்ளி ப. தொடுபுள்ளிகள் அ, ஆ. ஆரம் 3 செ.மீ., மப 8 செ.மீ. கடைசிவரை பெரும்பாலும் இதே படம்தான். தொடுகோட்டைப் பற்றி நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: தொடுபுள்ளியில் ஆரமும் தொடுகோடும் செங்கோணத்தில் சந்திக்கும். தொடுகோட்டில் மையத்துக்கு மிக அருகே இருக்கும் புள்ளி தொடுபுள்ளி. மற்ற எல்லாப் புள்ளியும் வட்டத்துக்கு வெளியே. ஒரு கோட்டுக்கு மிகக் குறைந்த தூரம் செங்குத்துதானே. கீழே சொல்லும் எல்லா முறையும் இந்தச் செங்கோணத்தைப் பிடிக்கிற வெவ்வேறு தந்திரங்கள்.

ஸ்கேலை வைத்துப் பார்வையால்

இதை வகுப்பில் குற்றம்போலப் பார்ப்போம். ப-வின் மேல் ஸ்கேலை ஊன்றி, வட்டத்தை உரசும்வரை திருப்பி, கோட்டைப் போட்டுவிடுவது. மதிப்பெண் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அங்கே சோதிப்பது வரைமுறையை. ஆனால் இந்த முறையை இளக்காரமாக எண்ணக் கூடாது. காகிதத்தில் கையால் எந்திர வரைபடம் போட்டுப் பழகியவர்கள் இதைத்தான் செய்தார்கள். ஒரு மூலைமட்டத்தின் விளிம்பைப் புள்ளியிலும் வட்டத்திலும் பொருத்துவார்கள். கோட்டைப் போட்டபின் இன்னொரு மூலைமட்டத்தை அதன்மேல் நகர்த்தி, மையத்திலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்து இறக்குவார்கள். அது கோட்டைச் சந்திக்கும் இடம் தொடுபுள்ளி.

இரண்டாவது படி எதற்கு? உரசும் இடம் கண்ணுக்குத் தெரிகிறதே என்று தோன்றும். பென்சிலைக் கூராகச் சீவி ஒருமுறை பாருங்கள். 3 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில், தொடுபுள்ளியிலிருந்து 4 மி.மீ. தள்ளிப் போனாலும் கோட்டுக்கும் வட்டத்துக்கும் இடையே கால் மி.மீ.-க்குச் சற்றே கூடுதலான இடைவெளிதான் வரும். பென்சில் கோட்டின் தடிமனே அதற்கு மேல் இருக்கும். ஆக, இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 4 என 8 மி.மீ. நீளத்துக்கு வட்டமும் கோடும் ஒட்டிக்கொண்டே இருப்பதாகத் தெரியும். அதில் எது தொடுபுள்ளி? கண்ணால் சொல்ல முடியாது. ஊகித்து ஒரு இடத்தைக் குறித்து அளந்தால் 7.0 வரலாம், 7.8-உம் வரலாம்.

ஆனால் கோடு? கோடு மிகச் சரியாக இருக்கும். இதைத்தான் அந்த மாணவியிடம் முதலில் காட்டினேன். தொடுபுள்ளியில் நாம் பண்ணும் பிழை வட்டத்தின் மேல் நகர்கிறது. அந்த இடத்தில் வட்டம் போகும் திசையும் கோடு போகும் திசையும் ஒன்றே. அதனால் புள்ளி கோட்டின் மேலேயே சறுக்குகிறது, கோடு அசைவதில்லை. 7.2 வந்த அவள் படத்திலும் கோடு கிட்டத்தட்ட சரியான கோடுதான். கெட்டது நீளம் மட்டும். தொடுகோடு மன்னிக்கும், தொடுபுள்ளி மன்னிக்காது.

எனவே கோடு மட்டும் போதும் என்ற வேலைக்கு ஸ்கேலும் கண்ணும் போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. புள்ளியும் வேண்டும் என்றால்தான் கீழே உள்ளவை.

மையம் தெரிந்தால் மூன்று வழி

முதல் வழி பாடநூலில் இருப்பது. மப-வுக்கு மையக்குத்துக்கோடு போட்டு நடுப்புள்ளி ந-வைக் கண்டுபிடிக்கிறோம். ந-வை மையமாக, நம-வை ஆரமாக வைத்து வட்டம். அது முதல் வட்டத்தை வெட்டும் இடங்கள் அ, ஆ. மப இப்போது புது வட்டத்தின் விட்டம். அரைவட்டத்தில் அமையும் கோணம் 90°. ஆகவே மஅ-வும் பஅ-வும் செங்குத்து. தேலீஸ் பெயரால் வழங்கும் தேற்றம் இது. காரணம் ஒரே வரியில் முடிகிறது, படம் சின்ன இடத்தில் அடங்குகிறது, காம்பஸை 4 செ.மீ.-க்கு மேல் பெரிதாக விரிக்க வேண்டியதும் இல்லை. விடைத்தாளில் கீழே வரைமுறை எழுத இடம் மிச்சமாகும். நல்ல முறை. இதன் பலவீனம் ஒன்றே: நடுப்புள்ளி சரியாக விழ வேண்டும், வட்டம் சரியாக நம அளவில் இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி யூக்ளிடுடையது. கி.மு. 300-ஐ ஒட்டி எழுதப்பட்ட ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் மூன்றாம் புத்தகம், 17-ஆவது கூற்று. வெளிப்புள்ளியிலிருந்து தொடுகோடு வரைய அவர் அரைவட்டத்தைப் பயன்படுத்தவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அரைவட்டத்தின் கோணம் 90° என்ற கூற்று அதே புத்தகத்தில் பின்னால்தான், 31-ஆவதாக வருகிறது. இன்னும் நிரூபிக்காத ஒன்றை 17-இல் எப்படி எடுப்பது? அதனால் அவர் வேறு வழி போகிறார். ம-வை மையமாக வைத்து ப வழியாக ஒரு பெரிய வட்டம். மப கோடு சின்ன வட்டத்தை வெட்டும் இடத்தில் மப-வுக்கு ஒரு செங்குத்து. அது பெரிய வட்டத்தை வெட்டும் புள்ளியை வ என்போம். ம-வையும் வ-வையும் சேர்த்தால், அந்தக் கோடு சின்ன வட்டத்தை வெட்டுவது அ-வில்.

ஏன்? செங்குத்து எழுந்த இடம், ம, வ மூன்றும் ஒரு முக்கோணம். அ, ம, ப இன்னொன்று. இரண்டிலும் ஒரு பக்கம் 3, ஒரு பக்கம் 8, இடையில் உள்ள கோணம் பொது. எனவே இரண்டும் சர்வசமம். முதல் முக்கோணத்தில் செங்கோணம் இருப்பதால் இரண்டாவதிலும் இருக்கும். ஒரே முக்கோணத்தை எடுத்து மடித்துப் புரட்டி வைத்த மாதிரி. எனக்கு இந்த நிரூபணம் ரொம்பப் பிடிக்கும். ஒரு பரிசும் கூடவே வருகிறது: நாம் எழுப்பிய செங்குத்தின் நீளமும் தொடுகோட்டின் நீளமும் ஒன்றே, இரண்டும் √55. இரண்டையும் அளந்து ஒப்பிட்டால், வர்க்கமூலம் போடாமலே படம் சரியா என்று தெரிந்துவிடும்.

இடம்தான் அதிகம் பிடிக்கும். மேலும் கீழுமாக ஏறக்குறைய 15 செ.மீ. வேண்டும். பெரிய வட்டத்தை முழுதாகப் போட வேண்டாம், வ வரும் இடங்களில் இரண்டு சின்ன வில் போதும்.

மூன்றாவது வழியை நான் இரட்டை ஆர முறை என்று சொல்லிக்கொடுப்பேன். ப-வை மையமாக வைத்து ம வழியாக ஒரு வில். ம-வை மையமாக வைத்து ஆரத்தைப் போல இரண்டு மடங்கில், அதாவது 6 செ.மீ.-இல், இன்னொரு வில். இரண்டும் வெட்டும் இடத்தை ம-வோடு சேர்த்தால் அந்தக் கோட்டின் நடுவில், சரியாக வட்டத்தின் மேல், அ உட்கார்ந்திருக்கும். ப-விலிருந்து ம-வுக்கும் வெட்டும் புள்ளிக்கும் ஒரே தூரம், ஆக இருசமபக்க முக்கோணம். அதன் அடிப்பக்கத்தின் நடுப்புள்ளிக்கு உச்சியிலிருந்து போகும் கோடு செங்குத்து. மையக்குத்துக்கோடே வேண்டாம், இரண்டு வில், ஒரு கோடு, முடிந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இதைச் சொல்லிப் புரியவைக்கலாம்.

சரி, இந்த மூன்றில் எது துல்லியம்? மாணவியின் காம்பஸையே சோதனையாக எடுத்துக்கொண்டேன். அதே 2 மி.மீ. சுருக்கம் ஒவ்வொரு முறையிலும் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டோம். பாடநூல் முறையில் 4-க்குப் பதில் 3.8 ஆனால் நீளம் 7.2, அவளுக்கு வந்ததும் அதுவே. இரட்டை ஆர முறையில் ப-விலிருந்து போடும் வில் 8-க்குப் பதில் 7.8 ஆனால் 7.3. யூக்ளிட் முறையில் பெரிய வட்டம் 7.8 ஆனால் 7.385, ஸ்கேலில் அது 7.4 என்றே தெரியும். அவள் கண் விரிந்தது.

யூக்ளிட் முறை காம்பஸ் சறுக்கலை விழுங்கிவிடுகிறது. ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: செங்குத்து. அது 2 மி.மீ. தள்ளி எழுந்தால் நீளம் 7.3 ஆகிவிடும். மூலைமட்டம் தேய்ந்திருந்தால் இந்த முறையை எடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் அவளோடு சேர்ந்து பார்த்தபோதுதான் எனக்கே முழுதாக உறைத்தது. இரண்டு கோடுகள் ஒன்றையொன்று நன்றாகக் குறுக்கிட்டு வெட்டினால் வெட்டுப்புள்ளி கூராகத் தெரியும், சாய்வாக உரசிக்கொண்டு வெட்டினால் மங்கிவிடும். மூன்று முறைகளிலும் முக்கியமான அந்த வெட்டு எந்தக் கோணத்தில் நடக்கிறது? மூன்றிலும் ஒரே கோணம். ம-வில் மப-வுக்கும் மஅ-வுக்கும் இடையே உள்ள அதே கோணம். நம் படத்தில் 68°. முறையை மாற்றினாலும் அந்தக் கோணத்திலிருந்து தப்ப முடியாது. மாறுவது பிழை எவ்வளவு சுருங்கி அ-வுக்கு வருகிறது என்பது மட்டும். பாடநூல் முறையில் வெட்டுப்புள்ளியே அ, பிழை அப்படியே வரும். இரட்டை ஆரத்தில் 6 செ.மீ. தூரத்தில் வெட்டி 3 செ.மீ.-க்கு இறக்குவதால் பாதியாகும். யூக்ளிடில் 8-இல் வெட்டி 3-க்கு இறக்குகிறோம், எட்டில் மூன்று பங்காகிவிடும். ஆக, புள்ளி மையத்திலிருந்து விட்டத்தை விடத் தள்ளியிருந்தால் யூக்ளிட், அதற்குள் இருந்தால் இரட்டை ஆரம். இதை நான் எந்தப் பாடத்திட்டத்துக்காகவும் சொல்லவில்லை. வரைந்து பார்க்கிற பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சொல்கிறேன்.

பிள்ளைகள் திருட்டுத்தனமாகச் செய்யும் வழி

நோட்டுத் திருத்தும்போது இதை அடிக்கடி பார்க்கிறேன். படத்தில் அளந்தால் 7.2 வருகிறது, சரிபார்த்தலில் 7.4 வர வேண்டும். உடனே காம்பஸை 7.4-க்கு விரித்து, ப-வில் ஊன்றி, வட்டத்தை வெட்டி, அந்த இடத்தைத் தொடுபுள்ளி என்று அழுத்திக் குறித்துவிடுவார்கள். அழிப்பான் தடம் காட்டிக்கொடுத்துவிடும்.

தேர்விலும் வீட்டுப்பாடத்திலும் இது ஏமாற்று. அதில் எனக்குச் சலனமில்லை. கண்டுபிடிக்க வேண்டிய விடையை முதலிலேயே வைத்துப் படம் போட்டால் சரிபார்த்தல் எதைச் சரிபார்க்கிறது? ஆனால் ஒரு முறையாக மட்டும் பார்த்தால், இவை எல்லாவற்றிலும் வெட்டு மிகக் கூராக விழுவது இதில்தான். காரணம் அந்த வெட்டுக்கோணம். ப-விலிருந்து தொடுகோட்டின் நீளத்தில் போடும் வில், வட்டத்தை எப்போதும் 90°-இல் வெட்டும். வில்லின் ஆரம் பஅ, வட்டத்தின் ஆரம் மஅ, இரண்டும் செங்குத்து. எனவே வில்லும் வட்டமும் செங்குத்தாகவே குறுக்கிடும். இதைவிடக் கூரான வெட்டு கிடையாது.

கணக்கே போடாமல் நேர்மையாக அந்த நீளத்தைப் பெறவும் வழி இருக்கிறது. ப-விலிருந்து வட்டத்தை வெட்டிக்கொண்டு போகும் எந்தக் கோட்டை எடுத்தாலும், முதல் வெட்டுக்கு உள்ள தூரத்தையும் இரண்டாவது வெட்டுக்கு உள்ள தூரத்தையும் பெருக்கினால் தொடுகோட்டு நீளத்தின் வர்க்கம் வரும். மையம் வழியாகப் போகும் கோட்டில் 5, 11, பெருக்கினால் 55. இந்த இரண்டு நீளத்துக்கும் அரைவட்டம் போட்டு இடைவிகிதச் சராசரி (அதாவது, பெருக்கல் பலனின் வர்க்கமூலம்) கண்டால் √55 காகிதத்திலேயே ஒரு கோட்டுத்துண்டாகக் கிடைத்துவிடும். வேலை சற்று நீளம். ஆனால் இதில் மையம் எங்கும் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? அதற்குப் பிறகு வருகிறேன்.

புள்ளி வட்டத்துக்கு மிக அருகே இருந்தால்

8 செ.மீ. எல்லாம் வசதியான தூரம். ப-வை மையத்திலிருந்து 3.2 செ.மீ.-க்குக் கொண்டுவாருங்கள், வட்டத்தின் விளிம்பிலிருந்து 2 மி.மீ. மட்டும் வெளியே. இப்போது தொடுகோட்டின் நீளம் 1.1 செ.மீ. முதல் மூன்று முறைகளிலும் வெட்டுக்கோணம் 68°-இலிருந்து 20°-க்கு விழுந்துவிட்டது. பாடநூல் முறையில் வரும் இரண்டு வட்டங்களும் கிட்டத்தட்ட ஒட்டி ஓடி வெட்டுகின்றன; எங்கே வெட்டுகின்றன என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் தடுமாற்றம்தான். அரை மி.மீ. சறுக்கினால் தொடுபுள்ளி 1.4 மி.மீ. நகர்ந்துவிடும். மொத்த நீளமே 11 மி.மீ. என்னும்போது அது பெரிய பிழை.

யூக்ளிட் இங்கே கைகொடுக்க மாட்டார்; 3.2-இல் வெட்டி 3-க்கு இறக்குவதால் பிழை சுருங்குவதே இல்லை. இரட்டை ஆரம் பாதியாக்கும். ப-விலிருந்து வில் போடும் முறையில் அரை மி.மீ. அரை மி.மீ.-ஆகவே நிற்கும். இந்த மாதிரி நெருக்கமான படத்துக்கு நான் அதையே எடுப்பேன். 0.2-ஐயும் 6.2-ஐயும் பெருக்கினால் 1.24, வர்க்கமூலம் 1.11. தேர்வில் இப்படி நெருக்கமான அளவு வந்து நான் பார்த்ததில்லை, அதனால் மாணவர்கள் கவலைப்பட வேண்டாம்.

கணினியில் வரைபவர்களுக்கும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஒரு குறிப்பு. ஆரத்தின் வர்க்கத்தை மப-வால் வகுத்தால், 9-ஐ 8-ஆல் வகுக்க 1.125. மையத்திலிருந்து மப-வின் மேல் 1.125 செ.மீ. போய் அங்கே செங்குத்து எழுப்பினால் அது வட்டத்தை அ-விலும் ஆ-விலும் வெட்டும். பகுமுறை வடிவியலில் தொடுநாண் என்று படிப்பது இதுவே. எண்களாக வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை, கையால் வரைபவருக்கு 1.125-ஐ ஸ்கேலில் எங்கே குறிப்பது என்பதே பிரச்சினை.

மையமே தெரியாதபோது

டம்ளரைக் கவிழ்த்துச் சுற்றி வரைந்த வட்டம், வளையலைச் சுற்றி வரைந்த வட்டம். மையம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. இங்கே என்ன செய்வது?

(பாடநூலில் மாற்று வட்டத்துண்டுத் தேற்றத்தைப் பயன்படுத்தி மையம் இல்லாமல் தொடுகோடு வரையும் முறை இருக்கிறது. அது வட்டத்தின் மேலேயே உள்ள புள்ளிக்கு. நம் புள்ளி வெளியே இருப்பதால் அது இங்கே உதவாது. தேர்வில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.)

முதலில் தோன்றுவது மையத்தைக் கண்டுபிடிப்பது. இரண்டு நாண் வரைந்து, இரண்டுக்கும் மையக்குத்துக்கோடு போட்டால் அவை சந்திக்கும் இடம் மையம். பிறகு மேலே சொன்னதில் எதையும் செய்யலாம். சுற்று வழி. மையத்தில் பண்ணும் பிழை அடுத்த எல்லாப் படியிலும் கூடவே வரும்.

ப-விலிருந்து ஒரு வெட்டுக்கோடு போட்டு, இரண்டு தூரங்களையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அந்த அளவில் வில் போடுவது நேர் வழி. கால்குலேட்டர் இருந்தால் அரை நிமிட வேலை. மையம் தெரியாத வட்டத்துக்கு என் முதல் தேர்வு இது.

ஆனால் நான் மாணவிக்குக் காட்டியது மூன்றாவது வழி. அதற்குக் காம்பஸே வேண்டாம், அளவுகள் உள்ள ஸ்கேல்கூட வேண்டாம், நேரான விளிம்பு ஒன்று போதும். ப-விலிருந்து வட்டத்தை வெட்டும் மூன்று கோடுகள் போடுங்கள்: ஒன்று வட்டத்தின் நடுவாக்கில், மற்ற இரண்டும் இரு பக்கமாக நன்றாக விலகி. ஒவ்வொரு கோடும் வட்டத்தில் ப-வுக்குக் கிட்ட ஒரு புள்ளியையும் எட்ட ஒரு புள்ளியையும் தரும். மேல் கோட்டின் கிட்டப்புள்ளியை நடுக்கோட்டின் எட்டப்புள்ளியோடு சேருங்கள். மேல் கோட்டின் எட்டப்புள்ளியை நடுக்கோட்டின் கிட்டப்புள்ளியோடு சேருங்கள். வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி விழும். கீழ்க் கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே இதே மாதிரி இன்னொரு பெருக்கல் குறி. இரண்டு குறிகளின் நடுவையும் சேர்த்து நீட்டுங்கள். அந்தக் கோடு வட்டத்தை வெட்டும் இரண்டு இடங்களும் தொடுபுள்ளிகள்.

மூன்று கோடுகளும் நெருங்கியிருந்தால் இரண்டு பெருக்கல் குறிகளும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்து, சேர்க்கும் கோடு ஆட்டம் காட்டும். அதனால்தான் நன்றாக விலக்கிப் போடச் சொன்னேன். இது ஏன் வேலை செய்கிறது என்பதைப் பத்தாம் வகுப்புக் கருவிகளால் சுருக்கமாகச் சொல்ல முடியாது. வீழ்த்தல் வடிவியலின் பகுதி அது. வெறும் ஸ்கேலால் என்னென்ன செய்யலாம் என்பதற்கு ஒரு வரலாறே உண்டு. மையத்தோடு ஒரே ஒரு வட்டம் வரைந்து கொடுத்துவிட்டால், காம்பஸும் ஸ்கேலும் வைத்துச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் ஸ்கேலால் மட்டுமே செய்துவிடலாம் என்று யாக்கோப் ஸ்டைனர் 1833-இல் காட்டினார். மையத்தோடு என்பது அதில் முக்கியம். ஒரே ஒரு வட்டம் மட்டும் இருந்தால் அதன் மையத்தை ஸ்கேலால் மட்டும் கண்டுபிடிக்கவே முடியாது என்பதும் பின்னால் நிரூபிக்கப்பட்டது. மையத்தைக் கண்டுபிடிக்க முடியாத அதே கருவியால், அதே வட்டத்துக்குத் தொடுகோடு மட்டும் வரைய முடிகிறது. எத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

மாணவி சமையலறையிலிருந்து எவர்சில்வர் டம்ளர் ஒன்றை வாங்கிவந்து கவிழ்த்து வட்டம் போட்டாள். காகிதத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி. மூன்று கோடு, நான்கு குறுக்குக் கோடு, கடைசியாக ஒன்று. முதல் தடவை கிட்டத்தையும் எட்டத்தையும் மாற்றிச் சேர்த்துவிட்டாள். பெருக்கல் குறியே விழவில்லை, கோடுகள் வட்டத்துக்கு வெளியே ஓடின. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். கிடைத்த இரண்டு இடத்துக்கும் புள்ளியிலிருந்து ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தாள். இரண்டும் வட்டத்தை உரசிக்கொண்டு போயின.

“சரியா இருக்கான்னு எப்படி சார் பார்க்கிறது? இதுலதான் ஆரமே தெரியாதே.”

“நடுக்கோட்டை அளந்து பாரும்மா.”

கிட்டப்புள்ளிக்கு 4.5, எட்டப்புள்ளிக்கு 12.5. நோட்டின் ஓரத்தில் பெருக்கினாள், 56.25. வர்க்கமூலம் 7.5. அப்புறம் தான் வரைந்த தொடுகோடுகளின் மேல் ஸ்கேலை வைத்தாள். மேல் கோடு 7.5. கீழ்க் கோடு 7.5-க்கு ஒரு மயிரிழை குறைவு.